யார் போட்ட வேலி?

காணாமல் போன மாடு, காணாமல் போன டிராக்டர், ஒரு முறை கல்யாணத்துக்கு முந்தின நாள் காணாமல் போன மாப்பிள்ளை என்று அர்டிஸிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ தேடிவிட்டேன். தன் நிலத்தில் யாரோ ஒரு வேலியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், ஆளைப் பிடித்துத் தாருங்கள் என்று ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தது இதுதான் முதல் தடவை.

வந்தவள் மார்லிஸ் ஓடெகார்ட். பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் நாற்பது கறவை மாடுகளோடு ஒண்டியாக மல்லுக்கட்டுகிறவள். புருஷன் மினியாபோலிஸில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். மாடுகளை மட்டும் இவள் தலையில் கட்டிவிட்டுப் போன புண்ணியவான்.

புதன்கிழமை காலை அவளுடைய ஓடைக்கரையில் நின்று நாங்கள் அந்த வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஷெரிஃப் ஆபீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியும் தொழில் நடத்தும் என் முதலாளியம்மா அர்டிஸ், ஒரு கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"ரொம்ப நல்ல வேலி," என்றார்.

"அத ஏன் பாஸ் எழவு வீட்டுல சொல்ற மாதிரி சொல்றீங்க?"

"எதிராளி போட்ட வேலி இவ்வளவு நேரா நிக்குமா வெஸ்? அதான் யோசிக்கிறேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஓடை. இந்தப் பக்கம், பத்தடி தள்ளி, மாட்டுக்கொட்டகைக்குப் போகும் ஒரே பாதை. வருஷா வருஷம் ஓடை கரையைத் தின்றுகொண்டே வந்து இப்போது பாதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் சரிந்தால் லாரியை உள்ளே விட மாட்டேன் என்று பால் லாரிக்காரன் சொல்லிவிட்டான். லாரி வராவிட்டால் பாலைச் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும். அப்புறம் மாடுகள் ஏலத்துக்குப் போகும்.

அதனால் மார்லிஸ் கவுண்டியின், அதாவது எங்கள் மாவட்டத்தின், மண்வள ஆபீசுக்கு மனுப் போட்டிருந்தாள். கரைக்குப் பாறாங்கல் அடுக்க வேண்டும், மாடு மிதித்துக் கரையைச் சரிக்காமல் இருக்க வேலி போட வேண்டும். செலவில் முக்கால் பங்கு கவுண்டி தரும், கால் பங்கு அவள் போட வேண்டும். இந்தத் திட்டத்தில் எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஒரு விதி உண்டு. அனுமதி வருவதற்கு முன்னால் ஒரு கம்பு ஊன்றினாலும் காசு கிடையாது.

மார்லிஸ் ஊன்றவில்லை. சனிக்கிழமை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எங்கள் லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் லூட்டஃபிஸ்க் விருந்துக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். காரநீரில் ஊறிக் கொழகொழத்துப் போன அந்த மீனை நார்வேயிலிருந்து வந்தவர்கள் ஏன் இன்னும் விடாமல் தின்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் அதே ஜாதிதான். அவள் வீடு திரும்பியபோது ஓடைக்கரை முழுக்க வேலி நின்றது. திங்கட்கிழமை ஆபீசிலிருந்து இடத்தைப் பார்க்க வந்த கர்ட், அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

அந்தக் கர்ட் இப்போதும் பக்கத்தில்தான் நின்றான். நல்ல பையன். விதிகளைப் பைபிள் வசனம் மாதிரி ஒப்பிப்பான்.

"மேடம், எனக்கு மட்டும் ஆசையா? வேலை ஆரம்பிச்சிருந்தா மனு தள்ளுபடி. இன்னிக்கு நாலு மணிக்குக் குழு கூடுது. அவங்க கேக்காம, அவங்களுக்குத் தெரியாம வேற யாரோ போட்டாங்கன்னு ஒரு ஆள் வந்து சொன்னா மட்டும்தான் நான் எதாவது செய்ய முடியும்."

"நான் போடலன்னு நானே சொல்றேனே கர்ட்! மூணு நாளா சொல்றேனே!" மார்லிஸின் குரல் உடைந்தது.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க மார்லிஸ். அதுக்குத்தான் விதி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனையே கம்பமாக நட்டுவிடலாம் போலிருந்தது. அர்டிஸ் என் கையைப் பிடித்து அடக்கினார்.

"கர்ட், இந்த வருஷம் காசு எத்தன பேருக்கு வரும்?"

"ரெண்டு பேர் வரிசையில இருக்காங்க. ஒருத்தருக்குத்தான் பத்தும். மார்லிஸ் முதல். அடுத்தது லைல் குல்லிக்சன்."

நான் விரலைச் சொடுக்கினேன். "கேஸ் முடிஞ்சுது பாஸ். மார்லிஸ் போனா லைலுக்குக் காசு. அவ இல்லாத நேரமாப் பாத்து ஒரு வேலியப் போட்டு அவ மனுவக் கெடுத்திருக்கான். வாங்க, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"முதல்ல தரையப் பாரு. வெள்ளிக்கிழமை பெய்ஞ்ச மழையில இது சேறு. டிராக்டர் வந்திருந்தா முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். எங்க பள்ளம்?"

எங்கும் இல்லை.

"குழி எல்லாம் கையால தோண்டினது. ஒரே நாள்ல இவ்வளவு தூரம் கையால தோண்டணும்னா பத்துப் பன்னெண்டு ஆம்பளைங்க வேணும். லைல் கூப்பிட்டா பன்னெண்டு பேர் வருவாங்களா?"

லைல் கூப்பிட்டால் அவன் நாயே வராது. ஆனாலும் நான் விடவில்லை.

லைல் சர்ச் கீழ்த்தளத்தில் இருந்தான். விருந்து முடிந்து நாலு நாள் ஆகியும் மீன் வேகவைத்த அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த நாற்றத்தில் துப்பறிவது பெரிய பாடு.

"லைல், சனிக்கிழமை எங்க இருந்த?" என்று நான் போலீஸ் தோரணையில் கேட்டேன்.

"உனக்கு மீன் போட்டது யாருடா? மூணு தடவ வாங்கித் தின்னியே, அப்போ தெரியலயா நான் எங்க இருந்தேன்னு?"

அர்டிஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மார்லிஸ் வேலி விஷயமா வந்தீங்களா?" லைல் தேய்ப்பதை நிறுத்தினான். "நான்தான் போட்டேன்னு ஊரே பேசுது, எனக்குத் தெரியும். ஏம்மா, எனக்கு வேலி போட நேரம் இருந்தா என் நிலத்துல போட மாட்டேனா? என் பக்கத்துல மழைத்தண்ணி அறுத்த பள்ளம் என் கொட்டகையவே முழுங்கப் பாக்குது. எனக்கும் காசு வேணும்தான். அதுக்காக ஒரு பொம்பள வயித்துல அடிப்பேனா?"

"உன் ஆளுங்க?" என்றேன்.

"எந்த ஆளு? சனிக்கிழமை இந்தப் பள்ளத்தாக்குல இருந்த ஆம்பள மொத்தமும் இங்கதான் இருந்தான். உருளைக்கிழங்கு உரிக்க ஆள் பத்தாம பாஸ்டரையே உக்கார வச்சோம். நேரம் இருக்குன்னு எவனாவது வெளிய நின்னிருந்தா காதப் புடிச்சு உள்ள இழுத்திருப்பாங்க."

வண்டிக்குத் திரும்பினோம். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. என் ஒரே குற்றவாளி கைநழுவிப் போன கடுப்பில் கதவைச் சாத்தினேன்.

"போச்சு. ஊர்ல எல்லாருக்கும் சாட்சி இருக்கு. எல்லாரும் மீன் தின்னுட்டு இருந்தாங்க. இனிமே தேவதூதன்தான் வந்து வேலி போட்டான்னு கர்ட்டுகிட்ட சொல்லணும்."

அர்டிஸ் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வெஸ், இந்த மீன் விருந்துக்கு எப்பவுமே வராத ஆளுங்க யாரு?"

"எல்லாரும்தான் வருவாங்க. கத்தோலிக்கனே டிக்கெட் வாங்கறான்."

"டிக்கெட் வாங்காதவங்க. சர்ச் கட்டடத்துக்குள்ளயே வராதவங்க. பன்னெண்டு ஆம்பளைங்க ஒரே நாள்ல கூடி, டிராக்டர் இல்லாம, கையால ஒரு வேலைய முடிக்கறவங்க."

எனக்கு உறைத்தபோது என் நெற்றியிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது. மேட்டில் ஆமிஷ்காரர்கள் இருக்கிறார்கள், பழைய முறைப்படியே வாழும் கிறிஸ்தவக் கூட்டம். கார் ஓட்ட மாட்டார்கள், குதிரைவண்டிதான், வீட்டில் கரண்ட் கிடையாது, ஜெபக்கூட்டம்கூட வீட்டில்தான். தினமும் ரோட்டில் எங்களைக் கடந்து போவார்கள், நாங்கள் மின்கம்பத்தைக் கவனிக்கிற அளவுக்குக்கூட அவர்களைக் கவனிப்பதில்லை. அரசாங்கத்திடம் ஒரு சல்லி வாங்கமாட்டார்கள். அதனால், குழந்தைக்குக்கூடத் தெரிந்த அந்த விதி இந்தக் கவுண்டியில் தெரியாத ஒரே கூட்டம் அவர்கள்தான்.

"அந்தக் கம்பம் கடையில வாங்கினது இல்ல, பட்டை உரிச்ச மரம்," என்றார் அர்டிஸ். "மேட்டுல மரமில் வச்சிருக்கறது மேலன் போர்ன்ட்ரேகர் மட்டும்தான். காலைலயே தோணியிருக்கணும் எனக்கு. நீ லைல் லைல்னு காதுகிட்ட கத்திட்டே இருந்த."

"பழி என் மேலயா? சரி, போடுங்க. சம்பளம்தான் ஒழுங்கா வரல, இதாவது வரட்டும்."

மேலன் மரமில்லில் இருந்தார். நெஞ்சுவரை நரைத்த தாடி, வைக்கோல் தொப்பி, கையெல்லாம் மரத்தூள். அவருக்குப் பின்னால் மார்லிஸ் நிலத்தில் பார்த்த அதே கம்பங்கள் குவியலாகக் கிடந்தன.

"மேலன், மார்லிஸ் ஓடைக்கரையில வேலி போட்டது நீங்களா?" என்றார் அர்டிஸ்.

"ஆமா."

மூன்று நாளாக ஒரு பெண் தூங்கவில்லை. நாங்கள் காலையிலிருந்து சேற்றில் அலைந்தோம். இந்த மனிதர் மணி என்னவென்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி ஆமா என்கிறார்.

"ஏங்க, இத முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று நான் கத்தியே விட்டேன்.

"யாரும் கேக்கலயே."

"ஒளிச்சு வேற போட்டிருக்கீங்க!"

"ஒளிக்கல. அவ வீட்ல இருந்தா வேண்டாம்னுவா, அப்புறம் காபி போடறேன், சமைக்கறேன்னு நிப்பா. அதான் இல்லாத நாளாப் பாத்து வந்தோம். ஓடைக்கரையில வேலி வரவேண்டிய இடத்துல புதருக்குப் புதர் துணி கட்டி வச்சிருந்தா. அந்தக் கோட்டுல தோண்டினோம்." அவர் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. "கோணலா இருக்கா?"

"கோணல் இல்ல. நேரா இருக்கறதுதான் வினை," என்று அர்டிஸ் விஷயத்தைச் சொன்னார். கேட்கக் கேட்க மேலனின் முகம் சுண்டிப்போனது. தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"நாங்க அவளுக்குக் கெடுதலா பண்ணிட்டோம்?"

"நீங்க குழு முன்னாடி வந்து, அவ கேக்காம நாங்களே போட்டோம்னு சொன்னாப் போதும். வருவீங்களா? அவ கேட்டாளா?"

"கேக்கல. வரேன்."

அவ்வளவுதான். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுலபமாக ஒரு குற்றவாளி வண்டியில் ஏறினது கிடையாது. வழியெல்லாம் நான் சீட்டியடித்துக்கொண்டே வந்தேன்.

குழு கூடியது கவுண்டி ஆபீசின் பின்னறையில். ஐந்து விவசாயிகள், ஒரு நீள மேசை, தலைவர் ஓர்வில். மூலையில் லைல், தன் முறைக்காகக் காத்திருந்தான். மார்லிஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மேலனைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மேலன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நாங்கள்தான் போட்டோம், அவள் கேட்கவில்லை, அவளுக்குத் தெரியாது என்றார். அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். இந்த ஊரில் ஆமிஷ்காரன் பொய் சொன்னான் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"அப்போ சரி," என்றார் ஓர்வில். "கர்ட், எழுதிக்கோ."

"ஒரே ஒரு கேள்வி மட்டும் கேக்கணும். விதியில இருக்கு." கர்ட் சங்கடத்தோடு விதிப்புத்தகத்தைப் பிரித்தான். "இந்த வேலைக்குப் பதிலா நில உரிமையாளர்கிட்டருந்து காசோ, பொருளோ, உழைப்போ எதாவது வாங்கினீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லுங்கள் மேலன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். மேலன் யோசித்தார்.

"வாங்கினோம்," என்றார்.

"என்னது?"

"என் பொண்ணு லோவினாவுக்குப் போன வசந்தத்துல ரத்தத்துல வியாதி. லாக்ராஸ் ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் போகணும். எங்ககிட்ட கார் கிடையாது. மார்லிஸ்தான் காலைல பால் கறந்துட்டு வந்து கூட்டிட்டுப் போவா, சாயந்திரம் கறவைக்குத் திரும்புவா. பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கல. அந்தக் கடன் எங்க மேல நின்னுச்சு. அதத் திருப்பினோம். சும்மா போட்டோம்னு சொன்னா அது பொய்."

கர்ட் அழுதுவிடுவான் போலிருந்தான்.

"அப்போ... அது பண்டமாற்று. உரிமையாளர் கொடுத்த உழைப்புக்குப் பதில் செஞ்ச வேலை. விதிப்படி, வேலைய ஆரம்பிச்சது மார்லிஸ்தான்."

"ஒரு நோயாளிக் குழந்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதுக்குத் தண்டனையாடா?" நான் மேசையில் தட்டினேன். "உன் விதியக் கொண்டுபோய் அந்த மீன் அண்டாவுல போட்டு வேக வை!"

"வெஸ், உக்காரு," என்றார் ஓர்வில். அவர் குரலிலும் எரிச்சல்தான். "எனக்கு மட்டும் பிடிச்சிருக்கா இது? அஞ்சு பேரும் ஓட்டுப் போட்டாலும் மாநில ஆபீஸ் திருப்பி அனுப்பிடும். எத்தன தடவ பட்டிருக்கோம்."

மார்லிஸ் அழவில்லை. "விடு அர்டிஸ். மாட்ட வித்துடறேன். அவரப் போட்டு இன்னும் கேள்வி கேக்காதீங்க," என்றாள். அதைக் கேட்கத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அர்டிஸ் நாற்காலியை இழுத்துக் கர்ட்டுக்கு நேரெதிராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கர்ட், மனுவுல ரெண்டு வேலை இருக்கு. கல்லு, வேலி. சரியா?"

"ஆமா மேடம்."

"கல்லு அடுக்கறதுக்கு முன்னாடி என்ன இருக்கணும்?"

"மாடு கரைக்கு வராம வேலி இருக்கணும்."

"அவ நிலத்துல இப்போ வேலி இருக்கா?"

"இருக்கு. அதுதானே பிரச்னையே."

"உங்க அளவுக்குத் தரமா இருக்கா?"

"நாங்க கேக்கறதவிட உசத்தி. மேலன் கம்பம் என் பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"ரொம்ப சரி. மார்லிஸ் வேலிக்குக் காசு கேக்கல. மனுவுலருந்து வேலிய அடிச்சுடு. அது அவ நிலத்துல ஏற்கெனவே நிக்கற ஒரு வேலி, அவ்வளவுதான். இப்போ சொல்லு, கல்லு வேலை ஆரம்பிச்சாச்சா?"

கர்ட் மனுவை மறுபடி பார்த்தான். "ஒரு கல்லுகூட விழல."

ஓர்வில் முன்னால் சாய்ந்தார். "குறைச்சுக் கேட்டா வரிசை போயிடும்னு எதாவது விதி இருக்கா?"

கர்ட் பக்கங்களைப் புரட்டினான். முன்னால் புரட்டினான், பின்னால் புரட்டினான். "இல்லீங்க. இதுவரைக்கும் யாருமே குறைச்சுக் கேட்டதில்ல."

ஐந்து கைகளும் உயர்ந்தன. வேலியில் மிச்சமான காசு லைலின் பள்ளத்துக்குப் பாதிக்காவது ஆகும் என்று கர்ட் கணக்குச் சொன்னான். காலையில் நான் குற்றவாளியாக்கிய ஆள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்கு எரிந்தது. நாள் முழுக்க நாங்கள் யார் போட்டது, யார் போட்டது என்று ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தோம். வேலி நின்றால் நிற்கட்டும் என்று விட்டிருந்தால் திங்கட்கிழமையே முடிந்திருக்கும்.

வெளியே வந்தபோது மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. கர்ட் எங்கள் பின்னாலேயே ஓடிவந்தான்.

"ஒரு விஷயம்! இங்க பாஸ் ஆயிடுச்சு, ஆனா மாநில ஆபீஸ் கையெழுத்து வரணும். ரெண்டு வாரம் ஆகலாம். அதுவரைக்கும் அந்தக் கரையில யாரும் கை வைக்கக்கூடாது. கவனம்."

மார்லிஸ் வானத்தைப் பார்த்தாள். ஒரு பெரிய மழை போதும், பாதை போய்விடும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேலனும் வானத்தைப் பார்த்தார்.

"எங்க மேட்டுல பாறைக்குழி இருக்கு," என்றார் மெதுவாக. "சனிக்கிழமை பசங்க சும்மாதான் இருக்காங்க. வண்டியில ஏத்தினா ஒரே நாள்ல..."

"வேண்டாம்!" என்று நாங்கள் நாலு பேரும் ஒரே குரலில் அலறினோம். தெருவோரம் யாரோ கட்டிவைத்திருந்த ஒரு குதிரை மிரண்டது.

அர்டிஸ் அவர் எதிரில் போய் நின்றார். "மேலன், எனக்கு ஒரு வாக்கு வேணும். கையெழுத்து வர்ற வரைக்கும் நீங்களோ உங்க ஆளுங்களோ மார்லிஸுக்கு எந்த உதவியும் செய்யக்கூடாது. ஒரு கூழாங்கல்கூட நகத்தக்கூடாது."

ஆமா என்றால் மேலனுக்கு ஆமாதான், மாற்றமாட்டார். வாழ்நாளில் யாரும் அவரிடம் கேட்டிராத ஒன்றை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அவ கரை சரியறத பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?"

"உக்காந்திருக்கணும்."

மார்லிஸ் அவர் சட்டைக் கையைத் தொட்டாள். "எனக்காக, மேலன். லோவினாவுக்கு அடுத்த வாரம் செக்கப் இருக்குல்ல. நான் வரேன். அதுக்கும் எதையாவது கட்டி வச்சுடாதீங்க."

"சரி," என்றார் கடைசியில். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. தொப்பியைப் போட்டுக்கொண்டு ரெண்டடி நடந்தவர், திரும்பிக் கர்ட்டைப் பார்த்தார்.

"மழை வராம இருக்க ஜெபம் பண்ணலாமா? இல்ல, அதுக்கும் கையெழுத்து வரணுமா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கர்ட்டின் கை பழக்கத்தில் விதிப்புத்தகத்துக்குப் போனது. அதைத் திறக்காமலே கையிடுக்கில் வைத்துக்கொண்டான்.

"பண்ணுங்க மேலன்," என்றான். "இப்பவே ஆரம்பிச்சுடுங்க."